கொம்பு தவறிய மழை

எங்கள் ஊர்ப் பெயர் பாதி சரியாக வருகிறது, பாதி உடைகிறது. 'கங்காதர' வரைக்கும் ஒரு குறையும் இல்லை. 'நெல்லூர்' வந்ததும் ந தனியாக நிற்கிறது. அதற்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் அடுத்த ல-வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லூ என்ற ஒரே எழுத்து, ல ஒன்றும் அதற்கு அப்பால் ஒரு வாலுமாகக் கிடக்கிறது. பைத்தானில் மேட்பிளாட்லிப்பை வைத்து நான் போட்ட முதல் தமிழ் வரைபடத்தின் தலைப்பு இது. கீழே மாதவாரி மழை. அதிலும் 'மழை'யின் இணைக்கொம்பு ழ-வைத் தாண்டிப் போய் அந்தரத்தில் நிற்கிறது. பார், கோடு, எண் எல்லாம் கனகச்சிதம்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜி.டி.நெல்லூர்னு சுருக்கமா போட்டிருக்கலாமே" என்றார். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், பஸ் கண்டக்டர் உட்பட. போட்டாலும் உடைகிற பாதி உடையத்தான் செய்யும்.

*

இது உடைவதற்கு முன்னால் இன்னொரு கட்டம் இருந்தது. கட்டம் என்றால் நிஜமாகவே கட்டம்: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காலிச் சதுரம். மேட்பிளாட்லிப் தன்னோடு கொண்டுவரும் எழுத்துரு டெஜாவு சான்ஸ். அதில் தமிழ் கிடையாது. திரையில் எச்சரிக்கை வரும், 2990-ஆம் உருவம் இந்த ஃபான்ட்டில் இல்லை என்று. 2990 என்பது ம. 2965 க. இரண்டு நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்ததில் சில எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டன.

நோட்டோ சான்ஸ் தமிழ் இறக்கி நிறுவினேன். அப்படியும் சதுரம்தான். முதல் தடவை ஓடும்போது கணினியில் உள்ள ஃபான்ட்டுகளை எல்லாம் எண்ணி ஒரு பட்டியல் எழுதி, கேஷ் ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்கிறது இந்த மென்பொருள். அப்புறம் அந்தப் பட்டியலைத்தான் நம்பும். புது ஃபான்ட் வந்த சேதி அதற்குத் தெரியாது. அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சதுரங்கள் போய் எழுத்துகள் வந்தன, மேலே சொன்ன கோலத்தில்.

*

காரணம் எளிது. யூனிகோடு தமிழை நாம் உச்சரிக்கிற வரிசையில் சேமிக்கிறது: முதலில் ந, பிறகு எகரத்தின் குறி. கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு ந-வைப் பிறகு எழுதுகிறோம். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து இடம் மாற்றித் தரவேண்டும். ஆண்ட்ராய்டு ஃபோனிலும் பெரும்பாலான பிரவுசர்களிலும் லிப்ரே ஆபீசிலும் அதை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் செய்கிறது. பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று பொருள்படும் பெயர். என்னிடம் இருக்கும் மேட்பிளாட்லிப் 3.8, எழுத்துக்காக ஃப்ரீடைப்பை மட்டும்தான் கூப்பிடுகிறது. அதற்குத் தெரிந்தது 'இந்த எண்ணுக்கு இந்த உருவம்' என்ற ஒன்றுதான். உருவங்களை ஒவ்வொன்றாக வாங்கி, வந்த வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடும். தமிழ் தெரியாத அச்சுக்கோப்பாளர்.

*

சித்தூரில் டிடிபி கடை வைத்திருந்த காலத்து மூளை ஒரு குறுக்குவழி சொன்னது: பாமினி.

அந்த எழுத்துருவில் ம உட்கார்ந்திருப்பது ஆங்கிலச் சின்ன 'கே'யின் இடத்தில். இணைக்கொம்பு 'ஐ'யின் இடத்தில். ழ 'ஓ'வின் இடத்தில். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுவோம். கே, ஐ, ஓ என்று மூன்று தட்டு தட்டினால் மழை. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்து அடித்து விரல் இன்னும் மறக்கவில்லை. அச்சு லேபிளுக்கு மட்டும் பாமினி ஃபைலின் பாதையைக் கொடுத்து, அந்த மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டேன். இணைக்கொம்பு ழ-வுக்கு முன்னால் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. 2020-களின் மென்பொருளால் முடியாததை, யூனிகோடுக்கு முன்பிருந்த ஃபான்ட் ஒன்று முடித்துக் கொடுத்தது. சிரிப்பு வந்தது.

சிரிப்பு அரை நாள்தான். பிடிஎஃப்பில் 'மழை' என்று தேடினால் கிடைக்காது. நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் மூன்று ஆங்கில எழுத்து விழும். படமாகப் பார்க்க மட்டும் சரி. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். அந்த முறை எங்கும் பரவியிருந்தால் நெல்லூர் மேட்பிளாட்லிப்பிலும் உடையாது. டேஸ் 16-க்காக அப்போது வாதாடியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நினைத்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் இரக்கம்.

*

ஒரே ஆறு. சித்தூர்ப் பக்கம் நீவா, தமிழ்நாட்டுக்குள் போனால் பொன்னை. கடைசியில் பாலாற்றில் சேர்கிறது. வரைபடத்தில் 'நீவா' உடையவில்லை. 'பொன்னை'யில் ப தனியே நிற்க, கொம்பும் காலும் ஜோடியாக அதன் பின்னால் வருகின்றன. எல்லை தாண்டினால்தான் கஷ்டம்.

*

தெலுங்கு இன்னும் மோசம். மெய்யெழுத்து இரட்டித்தால் இரண்டாவது எழுத்து முதலாவதன் காலடியில் தொங்கவேண்டும். 'ஒத்து' என்பார்கள். சித்தூரில் த்தூ, நெல்லூரில் ல்லூ, இரண்டிலும் ஒத்து உண்டு. மேட்பிளாட்லிப்பில் ஒத்து கீழே இறங்காமல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. மாந்தோட்டத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஒட்டு சரியா பிடிக்கல" என்றார். அவர் சொன்னது மாங்கன்று ஒட்டு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

*

கடைசியில் நான் பிடித்துக்கொண்ட வழி: தமிழைக் கோக்கும் வேலையை மேட்பிளாட்லிப்பிடம் கொடுப்பதே இல்லை. எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எழுத்து எல்லாவற்றையும் வளைகோடாக, அதாவது பாத் ஆக, மாற்றிவிடுவதுதான் அதன் வழக்கம். எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்ற அமைப்பை 'நன்' என்று வைத்தால் மாற்றாது. எழுத்து எழுத்தாகவே, யூனிகோடாகவே ஃபைலுக்குள் போகும். அதை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் அங்கே ஷேப்பிங், அதாவது எழுத்தை இடம் மாற்றிக் கோக்கும் வேலை, நடக்கிறது. நெல்லூர் சேர்ந்துகொள்கிறது, பொன்னை சேர்ந்துகொள்கிறது, தெலுங்கு ஒத்து கீழே இறங்குகிறது. பிறகு இங்க்ஸ்கேப்பிலேயே எழுத்தைப் பாத்தாக மாற்றி பிடிஎஃப் எடுத்துவிடலாம்.

சொல்லின் அகலத்தை மட்டும் மேட்பிளாட்லிப் உடைந்த வடிவத்தில் அளந்திருக்கும். அதனால் ஓரத்து லேபிள் சிலசமயம் இடிக்கும். கையால் நகர்த்திக்கொள்ளவேண்டும். எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளத்தைப் போட்டால் உள்ளேயே ஷேப்பிங் நடக்கும். நிறுவத் தெரிந்தவர்களுக்கு அதுவே நேர்வழி. நான் கையால் நகர்த்திப் பழகியவன்.

*

மேட்பிளாட்லிப்பை முதலில் எழுதியவர் ஜான் ஹன்டர், நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்க 2003-இல் தொடங்கியது. 2012 ஆகஸ்ட் 28-இல், 44 வயதில், புற்றுநோயில் போய்விட்டார். தன் ஆய்வகத்துக்கு ஒரு வழி வேண்டும் என்று எழுதிய ஒருவரைப் பார்த்து, ஏனய்யா கொம்பை மறந்தாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

*

பாகாலா பக்கம் காதங்கியில், விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் ஒரு ராடார் இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ். சுழலும் கிண்ணம் எல்லாம் இல்லை. 130 மீட்டர் சதுரத்தில், 32-க்கு 32 என்று 1024 இடங்களில் யாகி ஆன்டெனாக்கள், மொட்டைமாடியில் அந்தக் காலத்தில் டிவிக்கு வைத்த ஜாதி. எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும். தலைக்கு மேல் காற்று எந்த உயரத்தில் எப்படிப் போகிறது என்று அது சொல்லும்.

அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். தீசிஸ் படங்கள். ஒரு நாள் முழுக்க நான்கு நிமிடத்துக்கு ஒரு பதிவு, 3.6 கிலோமீட்டரிலிருந்து 20 வரை 150 மீட்டருக்கு ஒரு அடுக்கு. பிகலர்மெஷ் போட்டு, வண்ணக் கட்டங்களாக வரைந்து, பிடிஎஃப்.

"அண்ணா, படம் முழுக்க வெள்ளைக் கோடு. காற்றில் இல்லாத ஒன்று படத்தில் இருக்கிறது. கைடு இது என்ன அலை என்று கேட்கிறார்."

"பெரிசு பண்ணிப் பாரும்மா. கோடு இடம் மாறுதா?"

மாறியது. 100 சதவீதத்தில் ஓரிடம், 130-இல் வேறிடம், வேறொரு ரீடரில் திறந்தால் அறவே இல்லை. அப்படியென்றால் அது தரவில் இல்லை, வரையும் முறையில் இருக்கிறது.

நடப்பது இதுதான். இரண்டு கட்டம் சேரும் கோடு சரியாகத் திரைப்புள்ளி ஒன்றின் நடுவில் விழுகிறது என்று வையுங்கள். முதல் கட்டம் அந்தப் புள்ளியைப் பாதி மூடுகிறது. ரீடர் ஓரத்தை மழுக்குவதற்காகப் பாதி நிறம் பூசுகிறது, பாதி வெள்ளை மிச்சம். அடுத்த கட்டம் வந்து மறுபாதியை மூடுகிறது. ரீடருக்கு அது எந்தப் பாதி என்ற ஞாபகம் இல்லை. இருப்பதன்மேல் இன்னொரு பாதி நிறம் பூசுகிறது, அவ்வளவுதான். பாதியில் பாதி போக, கால் பங்கு வெள்ளை எஞ்சுகிறது. இரண்டு கட்டமும் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தும், சேருமிடத்தில் கால் பங்கு வெளிச்சம் கசிகிறது. வரிசையாகக் கசிந்தால் கோடு.

இன்னொரு தொல்லையும் அதிலேயே இருந்தது. 360 பதிவு, 110 அடுக்கு, 39,600 கட்டம். அவள் ஜர்னலுக்கென்று எஸ்விஜியும் எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி, வரிக்கு 200 எழுத்து என்று வைத்தாலும் 79 லட்சம் எழுத்து. ஒரு படத்துக்கு. இப்படி முப்பது படத்தை வேர்டு ஃபைலில் செருகினால் கணினி திணறாமல் என்ன செய்யும்?

பிகலர்மெஷ் வரியில் ராஸ்டரைஸ்டு என்பதை ட்ரூ என்று வைத்தேன். ஒரே ஒரு சொல். கட்டங்கள் மட்டும் ஒட்டுமொத்தமாக ஒரு புகைப்படம்போல ஆகிவிடும். அச்சு, எண், லேபிள் எல்லாம் வெக்டராகவே இருக்கும். சேமிக்கும்போது டிபிஐ 300 அல்லது 600 கொடுக்கவேண்டும். பிடிஎஃப்பில் டிபிஐக்கு என்ன வேலை என்று கேட்டாள். இந்தப் புகைப்படத் துண்டுக்குத்தான். கோடு போயிற்று, ஃபைலும் இளைத்தது.

வெக்டர் என்றால் எல்லாமே வெக்டர் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ராடார் தரவே 150 மீட்டருக்கு ஒரு துண்டாகத்தான் வருகிறது. அதை எல்லையில்லாமல் பெரிதாக்கி என்ன காணப்போகிறோம்.

*

அவளுடைய அடுத்த படத்தில், 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 80 பக்கம். எண்ணுக்கு முன்னால் சதுரம். மேட்பிளாட்லிப் மைனஸுக்கு டைப்ரைட்டர் கோட்டைப் போடாமல், கணிதத்துக்கென்று உள்ள தனிக் குறியைப் போடுகிறது. பல தமிழ் ஃபான்ட்டுகளில் அது இல்லை. ஆக்சஸ்.யூனிகோடுமைனஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் சாதாரணக் கோடு வரும். 3.6-ஆம் பதிப்பிலிருந்து ஃபான்ட் பெயர்களை வரிசையாகவும் கொடுக்கலாம், ஒன்றில் இல்லாததை அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கும்வரை, மைனஸ் குளிரை வெறும் சதுரமாகவே இரண்டு மாதம் கைடுக்குக் காட்டியிருக்கிறாள்.

*

டைப் 3. இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஆராய்ச்சி மாணவர்களை எனக்குத் தெரியும். கட்டுரை அனுப்பும் தளங்கள் பல, 'டைப் 3 ஃபான்ட் உள்ளது' என்று திருப்பி அனுப்பிவிடும், அதுவும் கடைசி நாள் ராத்திரி. மேட்பிளாட்லிப் சொல்லாமலே எடுத்துக்கொள்வது அந்த 3-ஐத்தான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு குட்டி வரைகட்டளையாகப் போகும். பிடிஎஃப்.ஃபான்ட்டைப் என்பதை 42 ஆக்கினால் ட்ரூடைப்பாகவே உள்ளே போகும். பிஎஸ்.ஃபான்ட்டைப்புக்கும் அதேதான். சரியானதா என்று பார்க்க பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்று ஒரு சின்னக் கட்டளை, ஃபைலில் உள்ள ஃபான்ட்டுகளை வகையோடு பட்டியலிடும். படத்தை வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது.

இபிஎஸ் கேட்கும் ஜர்னலுக்கு இன்னொன்று: அதில் ஒளி ஊடுருவும் நிறம் கிடையாது. ஆல்ஃபா கொடுத்து மெல்லிசாகப் பூசிய பட்டை கெட்டி நிறமாகி, அடியில் இருந்த கோட்டை விழுங்கிவிடும். எச்சரிக்கை வரும். யார் படிக்கிறார்கள்.

*

படம் வருவதற்கு முன்னால் மென்பொருளே வரவேண்டும். அந்தக் கதை தனி.

என் லேப்டாப் உபுண்டு 22.04. அதனோடு வந்தது மேட்பிளாட்லிப் 3.5. ஒரு நாள் வேறெதற்கோ பிப் கொண்டு ஒரு நூலகத்தை நிறுவினேன். அது போகிற போக்கில், மேட்பிளாட்லிப்புக்கு அடித்தளமான நம்பை நூலகத்தின் 2-ஆம் பதிப்பையும் இழுத்துவந்து என் வீட்டு ஃபோல்டருக்குள் போட்டுவிட்டது. நம்பை 2.0 வெளிவந்தது 2024 ஜூனில். உபுண்டுவின் மேட்பிளாட்லிப் கட்டப்பட்டதோ நம்பை 1-ஐ நம்பி. மறுநாள் இம்போர்ட் என்ற முதல் வரியிலேயே விழுந்தது: நம்பை 1-ஐ வைத்துக் கட்டியது 2-இல் ஓடாது. நான் மேட்பிளாட்லிப்பைத் தொடவே இல்லை. அடுத்த வீட்டில் சுவர் இடித்ததில் நம் வீட்டில் விரிசல்.

இன்னொரு தடவை ஒரே கணினியில் இரண்டு மேட்பிளாட்லிப். உபுண்டு வைத்தது ஒன்று, பிப் வைத்தது ஒன்று. முதன்மைப் பகுதி புதியதிலிருந்தும், முப்பரிமாணப் பகுதி பழையதிலிருந்தும் வந்து ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் விழித்தன. மேட்பிளாட்லிப்.ஃபைல் என்று இருபக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு அச்சிட்டால், எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று காட்டும். யார் என்ன கோளாறு என்று வந்தாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அதன்பிறகு வேலைக்கு ஒரு வெனவ். தனி அறை, தனிச் சாவி. புதிய உபுண்டுவில் இதைச் செய்யாமல் பிப் நேராக நிறுவவே விடுவதில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது நியாயமாகப் படுகிறது.

வெனவுக்குள் 3.8 வந்ததும் ஒரு கூத்து. அந்த வாரம் வீட்டில் நெட் இல்லை. திருப்பதியில் தெரிந்த பையன் ஒருவன் இறக்கி பென்டிரைவில் கொடுத்தான். பஸ் ஏறி, சித்தூரில் மாறி, வீடு வந்து செருகினால், 'இந்தக் கணினிக்கு ஏற்ற வீல் இல்லை.' வீல் என்பது தயார்நிலைப் பொட்டலம், கட்டவேண்டியதில்லை, பிரித்து வைத்தால் போதும். பொட்டலத்தின் பெயரிலேயே யாருக்கானது என்று எழுதியிருக்கும். சிபி311 என்றிருந்தது, அதாவது பைத்தான் 3.11. என்னிடம் 3.10. ஒரே ஒரு எண். மறுபடி சொல்லி அனுப்பினேன், பிப் டவுன்லோட் கட்டளையிலேயே பைத்தான் பதிப்பு 310 என்றும் லினக்ஸ் என்றும் குறிப்பிட்டு இறக்கு என்று. இரண்டாவது பயணத்தில் நம்பை, பில்லோ, ஃபான்ட்டூல்ஸ் என்று கூட வருகிற பட்டாளமும் சேர்ந்து வந்தது. முதல் தடவை அதையும் மறந்திருந்தோம்.

*

2025 சீசனில் தோத்தாபுரி விலை சரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிளிமூக்கு என்பார்கள், பெங்களூரா என்பார்கள். சித்தூர்ப் பக்கம் அது பழமாகச் சந்தைக்குப் போவதைவிடக் கூழாக டின்னுக்குள் போவது அதிகம், ஆலை வாங்கினால்தான் உண்டு. கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு வைத்தது: ஆலை 8, அரசு மானியம் 4. அதை ஒரு பார் படமாக, இரண்டு நிறத்தில், பத்தடிக்கு நாலடி ஃப்ளெக்ஸில் போட்டுத் தரச்சொல்லி விவசாயிகள் சிலர் வந்தார்கள். தமிழிலும் தெலுங்கிலும்.

பத்தடி என்றால் 120 அங்குலம். நான் ஜம்பமாக 600 டிபிஐ கொடுத்தேன். 72,000 புள்ளி. மறுத்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு 65,536-க்குள் இருக்கவேண்டுமாம், இரண்டின் பதினாறாம் அடுக்கு. ஃப்ளெக்ஸுக்கு 600 கேட்டது என் முட்டாள்தனம். இருபதடி தள்ளி நின்று பார்ப்பதற்கு எதற்கு அவ்வளவு. பத்து அங்குலத்துக்கு நாலு அங்குலமாக வெக்டரில் போட்டு, கடையில் 12 மடங்கு பெருக்கச் சொன்னால் முடிந்தது. எழுத்தும் கூடவே பெருகும்.

பிடிஎஃப் அனுப்பினேன். கடைத் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, கோரல் டிராவில எழுத்தே காணோம். பார் மட்டும் நிக்குது." பழைய டைப் 3 அமைப்பிலேயே விட்டிருக்கிறேன். அடுத்தவருக்கு உபதேசம் செய்த அதே வாரம்.

பிறகு எஸ்விஜி, ஃபான்ட்டைப் 'நன்', பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே உட்கார்ந்து இங்க்ஸ்கேப்பில் திறந்து, தமிழும் தெலுங்கும் கூடியதைப் பார்த்து, எல்லாவற்றையும் பாத்தாக மாற்றி, கோரலில் ஏற்றினோம். ஒத்து கீழே, கொம்பு முன்னால். மெஷினிலிருந்து நாலடி அகலத்தில் இறங்கி வந்ததைப் பார்க்க நன்றாகவே இருந்தது.

ஊருக்குக் கொண்டுவந்து விரித்ததும், பெரியவர் ஒருவர் தள்ளி நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"தம்பி, 12 ரூபாய்னு இருக்கு. கிலோவுக்குன்னு போடலியே."

பாத்தாக மாற்றிய எழுத்தைத் திருத்த முடியாது. அது இப்போது எழுத்தில்லை, கோடு. எழுத்தாக இருக்கும் மூல எஸ்விஜி பென்டிரைவில். பென்டிரைவ் கடைக் கணினியிலேயே செருகியபடி. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும்.